நடக்கலாம்

பஸ் ஓட்டுகிறவனுக்கு வலது கால்தான் சோறு போடுகிறது. அந்தக் காலை வைத்துக்கொண்டு, நாற்பது வயதில், தொந்தியும் தானுமாக அவள் புருஷன் பந்து உதைக்கப் போனான். ஆடுவதற்கு முன்னால் உடம்பைத் தளர்த்திக்கொள்வதெல்லாம் சின்னப் பசங்களுக்காம், இவருக்கு வேண்டாமாம். பத்தே நிமிஷத்தில் கணுக்கால் மடங்கி, சவ்வு கிழிந்து, நாலு பேர் தூக்கிவந்து வாசலில் போட்டார்கள்.

அதற்கப்புறம் மூன்று வாரம் அவன் பண்ணிய அலப்பறை இருக்கிறதே, அப்பப்பா! ஐஸ் வைக்க அவள், கட்டுப் போட அவள், காலைத் தலையணைமேல் தூக்கி வைக்கவும் அவள். பிசியோதெரபிஸ்ட் அம்மா சொன்ன பயிற்சியை மட்டும் அவனே செய்தாக வேண்டும், அதுதான் ஆகவில்லை. காலில் மாட்டி இழுக்கக் கொடுத்த ரப்பர் பட்டையால் ஜன்னல் கதவைக் கட்டி வைத்திருந்தான். ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னால், நான் என்ன கொக்கா என்றான். கொக்குக்குப் பொறுமையாவது உண்டு.

இரண்டு வருஷமாகத் தற்காலிக டிரைவர். திங்கட்கிழமை பஸ்ஸை ஓட்டிக் காட்டினால் வேலை நிரந்தரம். போகாவிட்டால் வரிசையில் அடுத்தவனுக்கு. அதற்காகத்தான் அவள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை பிசியோதெரபிஸ்ட் குனிந்து கணுக்காலை அழுத்திப் பார்க்கும்போது, ஞாயிற்றுக்கிழமை ஒரு ஆட்டம் இருக்கிறது என்று அவன் மெல்ல இழுத்தான். அந்தம்மா காதில் அது விழவேயில்லை. நிமிர்ந்து, ஊன்றுகோலை வாங்கிச் சுவரில் சாய்த்துவிட்டு, "நடக்கலாம்" என்றார். கோல் இல்லாமல் நடக்கலாம் என்பது பச்சைக் குழந்தைக்கும் புரியும். இவனுக்கோ ஆட்டம் நடக்கலாம் என்று கேட்டிருக்கிறது.

ஞாயிறு காலை முடி வெட்டிக்கொண்டு வருகிறேன் என்று கிளம்பினான். திரும்பி வந்தபோது முடி அப்படியே இருந்தது, கால்தான் போயிருந்தது. இந்தத் தடவை எலும்பு. ஆறு வாரம் மாவுக்கட்டு. அந்தம்மாதானே நடக்கலாம் என்றார் என்று பழியை அங்கே போட்டான். ஆடத் தெரியாதவனுக்கு மேடை கோணல்.

திங்கட்கிழமை விடிந்தது. கட்டிலில் மாவுக்கட்டும் அவனுமாகக் கிடந்தார்கள். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இந்த மூஞ்சிக்கு முன்னால் அழுவதா என்று அடக்கிக்கொண்டாள்.

"என் இடத்துக்கு வேற ஆளப் போட்டுடுவாங்களா?" என்று ஈனஸ்வரத்தில் கேட்டான்.

அவள் தலையணையை அவன் காலுக்கடியில் தள்ளினாள்.

"நடக்கலாம்" என்றாள்.