அப்பா குறைக்கச் சொன்ன கூலி

"உங்க கூலி என்னன்னு நீங்களே சொல்லுங்கக்கா" என்றேன்.

இதை மட்டும் கேட்டுவிடாதே என்று அப்பா காலையிலிருந்து நான்கு முறை சொல்லியிருந்தார். கேட் மணி அடித்த பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னது நான்காவது முறை. வேலைக்கு வருகிறவர் வாயிலிருந்து தொகை வரக் கூடாதாம். வந்துவிட்டால் அங்கிருந்துதான் பேரத்தை ஆரம்பிக்க வேண்டியிருக்குமாம். நாமாக ஒன்றைச் சொல்ல வேண்டும், அதையும் வேலை முடிந்த பிறகு சொல்ல வேண்டும், அதுவரை 'பாத்துக் குடுக்கறேன்' போதும். இந்த வித்தையை எங்கே கற்றார் என்று நான் கேட்கவில்லை. ஒரு டாக்டர் வீட்டில் இருபத்தேழு வருடம் தோட்டக்காரராக இருந்து, எதிர்ப் பக்கத்தில் கைகட்டி நின்று கற்றது.

கடன் போட்டு நான் இந்த வீட்டை வாங்கி எட்டு மாதம் ஆகிறது. பின்பக்கம் நான்கு கட்டில் போடுகிற அளவுக்கு மண். ஒரு எலுமிச்சை, இரண்டு செம்பருத்தி, மீதியெல்லாம் இடுப்பளவு களை. அப்பாவுக்கு இரண்டு முட்டியும் போய்விட்டன. போன வாரம் யாரும் இல்லாத நேரத்தில் களை பிடுங்க உட்கார்ந்தவர் எழுந்திருக்க முடியாமல், செம்பருத்தித் தண்டைப் பிடித்துக்கொண்டு முக்கால் மணி நேரம் அப்படியே இருந்திருக்கிறார். பக்கத்து வீட்டைக் கூப்பிடக் கூச்சமாம். அன்றைக்குத்தான் ஆள் வைப்பது என்று முடிவு செய்தேன்.

என்ன கொடுப்பது என்றுதான் தெரியவில்லை. அலுவலகத்தில் மாதச் சம்பளம் பேசிவிடு என்றார்கள். பக்கத்து வீட்டில் நாள் கூலி, அதோடு டீ என்றார்கள். ஃபோனில் தேடினால் ஓரிடத்தில் மணிக்கணக்கு, ஓரிடத்தில் சதுர அடி, இன்னோர் இடத்தில் மரத்தின் உயரம். நான் வணிகவியல் படித்து, கணக்கு எழுதிச் சம்பளம் வாங்குகிறவள். நான்கு கட்டில் அளவு மண்ணுக்கு ஒரு கணக்கு போட முடியவில்லை.

வந்தவருக்கு நாற்பது வயதிருக்கும். முரட்டுத் துணியில் பேன்ட், முட்டியில் கறுப்பு ரப்பர் உறை. வண்டியின் பின்னால் கட்டிய பெட்டியில் கத்தரிகளும் அரிவாள்களும் ஒவ்வொன்றும் பழைய டயர் ட்யூபில் வெட்டிய உறைக்குள் இருந்தன. பத்து நிமிடம் பின்பக்கத்தைச் சுற்றி வந்தார். நான் கேட்டதும் பஸ் நேரம் சொல்வதுபோலச் சொன்னார். மணிக்கு இவ்வளவு. முதல் நாள் நான்கு மணி நேரம், பிறகு மாதம் இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் இரண்டு மணி நேரம். ஆயுதம் அவருடையது. வெட்டிய கிளையை ஏற்றிப் போக தனிக் காசு. உரத்துக்குக் கடை பில். தினமும் தண்ணீர் ஊற்றுவது எங்கள் பாடு.

ஃபோனை எடுத்துக் கணக்குப் போட்டேன். அவருடைய ஒரு மணி நேரம் என்னுடைய ஒரு மணி நேரத்தைப் போல ஒன்றரை மடங்கு. தப்பாகத் தட்டிவிட்டேனோ என்று இன்னொரு முறை போட்டேன். அதேதான். 'படி, இல்லன்னா நாளைக்கு நீயும் ஹோஸ் பைப்பப் பிடிச்சுட்டு நிக்கணும்' என்று பயமுறுத்திப் பயமுறுத்தியே என்னைக் குடும்பத்தின் முதல் பட்டதாரி ஆக்கியவர் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். யார்மேல் கோபப்படுவது என்று புரியவில்லை. இதில் பெரிய வெட்கம் என்னவென்றால், எனக்கும் அந்தத் தொகை அதிகமாகத்தான் பட்டது.

அப்பா பேரத்தில் இறங்கிவிட்டார். நாலு செடிக்கு நாலு மணி நேரமா என்றார். டீ தருகிறோம், சாப்பாடும் தருகிறோம் என்றார். வீட்டு ஆள் மாதிரி வந்து போகலாமே, காசு காசு என்று பார்த்தால் எப்படி என்றார். ஒவ்வொரு வாக்கியமும் எனக்குப் பழக்கமானது. டாக்டர் வீட்டுக்காரம்மா பேசியது. அப்பா சம்பளம் கூட்டிக் கேட்ட ஒரே ஒரு தடவை, வீட்டு ஆள் மாதிரிதானே நீ என்று சொல்லி அந்தம்மா ஒரு பழைய சீலிங் ஃபேனைக் கழற்றிக் கொடுத்தார். அது இப்போதும் எங்கள் ஹாலில் லொடலொடவென்று சுற்றுகிறது.

"கொறைக்க மாட்டேங்கய்யா" என்றார் தோட்டக்கார அக்கா. கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. "கொறைச்சா நேரத்தத்தான் கொறைப்பேன். மழை நாள்ல எனக்கு வேலை கெடையாது. முட்டி போச்சுன்னா யாரும் குடுக்க மாட்டாங்க. அதுக்கும் சேத்துதான் கேக்கறேன்."

அப்பா அக்காவின் முட்டியில் இருந்த ரப்பர் உறைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு பேச்சை மாற்றுகிறவர்போல எலுமிச்சையிடம் போனார். முள்ளாக வளர்ந்து நிற்கும் கிளையைத் தொட்டு, "இது காய்க்காதும்மா. ஒட்டுப் போட்ட எடத்துக்குக் கீழேருந்து வந்த காட்டுக் கெள. மேல கைய வெக்காத, இத மட்டும் அடியோட எடு" என்றார். அக்கா குனிந்து, மண்ணைத் தள்ளிப் பார்த்தார். நிமிர்ந்தபோது முகம் மாறியிருந்தது.

"நான் கவனிக்கல. ஐயா தோட்ட வேல பாத்தவங்களா?"

"இல்லம்மா" என்றார் அப்பா. "நான் ஆஸ்பத்திரில இருந்தேன்."

எனக்கு முகத்தில் அடித்தது போலிருந்தது. அந்தப் பொய் என்னுடையது. கல்லூரியில் முதல் வருடம், எங்கப்பா ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறார் என்று ஃபோனில் ஒரு தோழியிடம் நான் அவிழ்த்துவிட்டது. அடுத்த அறையில் அவர் கேட்டிருந்திருக்கிறார். இத்தனை வருடம் பத்திரமாக வைத்திருந்து இன்றைக்கு எடுத்துப் போட்டுக்கொண்டார்.

பேசிட்டு வாங்க, நான் அதுக்குள்ள அளந்துடறேன் என்று அக்கா டேப்பை எடுத்தார். நாங்கள் உள்ளே போனோம்.

அம்மா பீன்ஸ் நறுக்கிக்கொண்டே எல்லாவற்றையும் ஜன்னல் வழியாகக் கேட்டிருந்தாள். "எப்ப ஆஸ்பத்திரில சேந்தீங்க? ஒரு வார்த்த சொல்லவே இல்லியே" என்றாள் அப்பாவிடம். அப்பா நாற்காலியில் உட்கார்ந்து, கால்களை ஒவ்வொன்றாகத் தூக்கி ஸ்டூலில் வைத்தார். முட்டிகள் இரண்டும் வீங்கியிருந்தன.

"பாதி சொல்லு" என்றார் என்னிடம். "ஒத்துக்கலன்னா முக்கால். அதுக்கு மேல ஒரு காசு போகாத."

"ஏம்ப்பா? நீங்க செஞ்ச வேலதானே அவங்களும் செய்றாங்க?"

"அதனாலதான்."

ஃபேன் லொடலொடத்தது. அம்மா கத்தியைக் கீழே வைத்தாள். அப்பா என்னைப் பார்க்காமல், ஸ்டூலில் இருந்த தன் கால்களிடம் கேட்பதுபோலக் கேட்டார்.

"அவ கேக்கறது சரியான கூலின்னா, நான் அங்க இருபத்தேழு வருஷம் என்ன வாங்கிட்டிருந்தேன்?"

அந்தக் காலத்து விலைவாசி வேறு என்று சொல்லலாம். அப்பா வேலையை விட்டு இரண்டு வருடம்தான் ஆகிறது. கடைசி மாதம் அவர் வாங்கிய முழுச் சம்பளம் இந்த அக்கா பத்து முறை வந்து போகிற காசு. அந்தம்மா ஏமாற்றிவிட்டார் என்று சொல்லலாம். அப்படியானால் ஏமாந்தவர் என்று அப்பாவை அவர் முகத்துக்கு நேரே சொல்கிறேன். நீங்க ஏன் கேக்கல என்று திருப்பிக் கேட்கலாம். கேட்டால் ஃபேன் கிடைக்கும் என்பது எனக்கே தெரியும்.

முழுசாகக் கொடுத்தால் அப்பாவுடைய இருபத்தேழு வருடத்துக்கு நான் விலைச் சீட்டு எழுதி அவர் கையிலேயே கொடுத்ததாக ஆகும். பாதி பேசினால் அவர் மனசு ஆறும், மாதக் கடன் போக என் கையில் கொஞ்சம் மிஞ்சும், வெளியே முட்டியில் ரப்பர் கட்டி நிற்கிறவர் இன்னும் பத்து வருடத்தில் இதேபோல ஒரு ஸ்டூலில் காலைத் தூக்கி வைப்பார். இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்தேன். அப்பாவுக்கு நல்லவளாக இருக்க, நான் அந்த டாக்டர் வீட்டுக்காரம்மாவாக வேண்டும். இது எந்த ஊர் நியாயம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அப்பாவுடைய முட்டிகளைத் திரும்ப ஒருமுறை பார்த்தேன். அதற்கு மேல் யோசிக்க எதுவும் இல்லை.

எழுந்து பர்ஸை எடுத்தேன். முதல் நாள் நான்கு மணி நேரத்துக்கு முழுக் கூலி, கிளை ஏற்றும் காசு, இரண்டையும் எண்ணி மடித்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டேன். அம்மா பார்த்தாள். அடுத்த பீன்ஸை எடுத்தாள்.

"முக்காலாவது கேளு கண்ணு" என்றார் அப்பா பின்னாலிருந்து. குரலில் பேரம் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது.

நான் திரும்பவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனேன்.