மஞ்சள் கோடு

உலகெங்கும் பரவியிருக்கும் மோட்டார் விளையாட்டு ரசிகர்களுக்கும், வேகத்துக்காக உயிரைக் கொடுத்த வீரர்களின் ஆன்மாக்களுக்கும், குளியலறையில் இருந்த மனைவிக்கும் ஒருசேர அறிவிக்கப்பட்டதாவது: இன்று முதல் வீட்டு வாசலில் நிற்பது கார் அல்ல, புராஜெக்ட்.

மனைவி கதவைத் திறக்காமலே கேட்டாள். "அப்போ நான் வேலைக்கு எதுல போறது?"

"அதான் பஸ் இருக்குல்லம்மா" என்றது மோட்டார் விளையாட்டு.

கார் அவளுடையது. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பதினாறு வருஷம் ஊரார் நரம்பைத் தேடித் தேடிக் குத்தி வாங்கியது. நாலு கதவு, ஐந்து பேர் உட்காரலாம், ஏசி போட்டால் குளிரும். ஒரு காரிடம் மனுஷப் பிறவி இதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது என்பது அவள் கட்சி. குழாயும் வாஷ்பேசினும் விற்கும் கடையில் மேற்பார்வையாளராக இருந்த கணவனோ, தன் நாற்பத்தாறாவது வயதில், அதற்குள் ஒரு பந்தயக் கார் மூச்சுத் திணறிக் கிடப்பதைக் கண்டுபிடித்துவிட்டான்.

ஊருக்கு வெளியே ஓர் ஓட்டப்பாதை இருந்தது. மாதத்தில் ஒருநாள் யார் வேண்டுமானாலும் சொந்தக் காரைக் கொண்டுபோய் ஓட்டலாம். போட்டி கிடையாது, பரிசு கிடையாது. வண்டி பாதுகாப்புச் சோதனையில் தேறினால் போதும், அவ்வளவுதான். இந்த அவ்வளவுதானுக்கு அவனுக்குப் பதினான்கு மாதம் பிடித்தது.

ஒப்பந்தம் சாப்பாட்டு மேசையில் கையெழுத்தானது.

"ஒரே ஒரு தடவைம்மா. சோதனையில தேறலைன்னா எல்லாத்தையும் பழையபடி மாட்டி சாவியை உன் கையில குடுத்துடறேன்."

"தேறிட்டா?"

"தேறிட்டா அது டிராக் கார். அப்புறம் ரோட்டுல ஓட்டறது அதுக்கு அவமானம்."

"யாருக்கு அவமானம்?"

"காருக்கு."

"சரிங்க. காரையே கேட்டுக்கறேன்."

அன்றிலிருந்து அந்தக் காரில் இருந்த எல்லாமே 'எடை' ஆனது. பின்சீட்டு எடை. தரைவிரிப்பு எடை. ஏசி எடை. ஹாரன்கூட எடைதான், டிராக்கில் யாரைப் பார்த்து அடிக்கப்போகிறோம்? கழற்றிய ஒவ்வொன்றையும் கட்டிப்பிடித்துக்கொண்டு குளியலறைத் தராசில் ஏறி நின்றான். வந்த எண்ணிலிருந்து தன் எடையைக் கழித்து நோட்டில் குறித்தான். தன் எடை எவ்வளவு என்பது மட்டும் அணியின் ரகசியமாக வைக்கப்பட்டது.

அணி என்றால் இரண்டு பேர். இன்னொருவன் டர்போ. பல்செட் செய்கிற தொழில். ஒருகாலத்தில் அவன் காரின் பின்னால் டர்போ என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. காரை விற்ற பிறகும் பெயர் போகவில்லை.

"மச்சி, இந்த விளையாட்டுல கிராமுக்குக் கிராம் கணக்கு" என்பான் டர்போ.

"நூறு கிராம்னா நூறு கிராம் மச்சி" என்பான் இவன். பேசிக்கொண்டே ஆளுக்கு நாலு பன் உள்ளே தள்ளுவார்கள்.

இப்படியே போயிருந்தால் ஊர் சிரித்ததோடு முடிந்திருக்கும். மஞ்சள் பேனாவில்தான் விஷயம் வேறு பக்கம் திரும்பியது.

சீட்டைப் பிடிக்கும் போல்ட், சக்கரத்து நட்டு, இதையெல்லாம் இஷ்டத்துக்கு முடுக்க முடியாது. ஒவ்வொன்றுக்கும் 'டார்க்' என்று ஓர் அளவு உண்டு. அதற்கென்றே ஒரு ரெஞ்ச். அளவு வந்ததும் 'டக்' என்று சொல்லும். டக் கேட்ட பிறகு நட்டின் தலையிலிருந்து பக்கத்து இரும்பு வரைக்கும் பெயின்ட் பேனாவால் ஒரு கோடு இழுப்பார்கள். பிற்பாடு நட்டு தளர்ந்தால் கோடு விலகிக் காட்டிக்கொடுக்கும். அதாவது கோடு என்பது ஒரு கையெழுத்து. முடுக்கியாச்சு, நான் சாட்சி.

வீடியோவில் இதைப் பார்த்தவனுக்கு டக் மனசில் பதியவில்லை. கோடு பதிந்தது. என்ன அழகு, என்ன தொழில்சுத்தம்! ரெஞ்சையும் பேனாவையும் ஒன்றாகத்தான் வரவழைத்தான். பேனா முதலில் வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை துணி காயப்போட வந்த மனைவி, சக்கரத்துக்கு முன்னால் ஓர் ஆள் நாக்கைத் துருத்திக்கொண்டு குந்தியிருப்பதைப் பார்த்தாள்.

"என்னங்க பண்றீங்க?"

"டார்க் மார்க்கிங். உனக்குப் புரியாதும்மா."

"நெயில்பாலிஷ் போடற மாதிரி இருக்கு."

"அதான் சொன்னேனே, புரியாதுன்னு."

எடை பார்க்கக் கழற்றிவிட்டு, ரெஞ்ச் வரட்டும் என்று கையால் மட்டும் திருகி வைத்திருந்த எல்லா நட்டுக்கும் மஞ்சள் பூசி, பல கோணத்தில் படம் எடுத்து, கார் பிரியர்களின் வாட்ஸாப் குழுவில் போட்டான். 'வேற லெவல்' என்று யாரோ எழுதினார்கள். அன்று இரவு முழுக்க அவன் வேற லெவலிலேயே தூங்கினான்.

ரெஞ்ச் பத்து நாள் கழித்து வந்தது. அதற்குள் கோடு காய்ந்து, தூசி படிந்து, அனுபவசாலி மாதிரி ஆகியிருந்தது. டர்போ முடுக்கிவிட்டான் என்று இவன் நினைத்தான். இவன் முடுக்கிவிட்டான் என்று டர்போ நினைத்தான்.

"கோடு இருக்கே மச்சி."

"ஆமா மச்சி, கோடு இருக்கு."

அந்த நாளும் வந்தது. நல்லபடியாக ஓடக்கூடிய காரை, ஓடாத கார் மாதிரி லாரியில் இழுத்து ஏற்றிக் கொண்டுபோனார்கள். பந்தயக் கார்கள் அப்படித்தான் போகுமாம். வீட்டிலேயே சிவப்புப் பந்தய அங்கியை மாட்டிக்கொண்டு புறப்பட்டவன், லாரி டிரைவருக்குப் பக்கத்தில் ஹெல்மெட்டை மடியில் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மனைவி விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தாள். அவளுடைய காரின் தலையெழுத்தை எழுதுகிறார்கள். கூட இருக்க வேண்டாமா?

சோதனை செய்பவர் ரப்பர் செருப்பு போட்ட ஒல்லியான மனுஷர். கையில் டார்ச்சும் அட்டையும். சுற்றி நின்ற சிவப்பு, நீல அங்கிகளையெல்லாம் சலவைக்கு வந்த துணியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பிரேக் விளக்கு, டிக். பேட்டரி, டிக். சீட்டுக்கடியில் டார்ச் அடித்தவர் லேசாக நிமிர்ந்தார்.

"பரவாயில்லையே சார். கோடெல்லாம் போட்டிருக்கீங்க."

"அடிப்படை ஒழுக்கம் சார்" என்றான் இவன். டர்போ கண்ணை மூடித் தலையாட்டினான்.

பேனா அட்டையை நெருங்கியது. அப்போதுதான் மனைவியின் கண் கீழே திறந்து கிடந்த கருவிப் பெட்டியில் பட்டது. ரெஞ்சின் உறை மேல் கடைக்காரன் ஒட்டிய டேப் அப்படியே இருந்தது. பிரிக்கவே இல்லை.

அவளுக்குச் சுருக்கென்றது. பரிசோதனைக் கூடத்தில் இதே வேலையை ஒருத்தி செய்தாள். ரத்தம் எடுக்கும் முன்பே குழாய்களுக்கெல்லாம் பெயர்ச்சீட்டு ஒட்டி அடுக்கி வைப்பாள். பார்க்க அழகாக இருக்கும். ஒருநாள் ஒருத்தர் ரத்தம் இன்னொருத்தர் பெயரில் போனது. மறுநாள் அவளும் போனாள்.

சும்மா இருந்தால் கார் தேறிவிடும், தனக்கு இல்லாமல் போய்விடும். அதோடு ஏதாவது ஒரு வளைவில் சக்கரம் ஒரு பக்கமும் புருஷன் ஒரு பக்கமும் போவார்கள். வாயைத் திறந்தால், காருக்காகக் கட்டினவன் மானத்தை வாங்கினாள் என்பார்கள். அவளுக்குக் காரும் வேண்டும், புருஷனும் வேண்டும். அந்த நிமிஷத்தில் எது முதலில் ஞாபகம் வந்தது என்பதை அவள் பிற்பாடு யாரிடமும் சொல்லவில்லை.

"ஏங்க" என்றாள், வீட்டில் உப்பு தீர்ந்ததைச் சொல்லும் குரலில். "முடுக்கிட்டுக் கோடு போட்டீங்களா, கோடு போட்டுட்டு முடுக்கினீங்களா?"

அட்டையில் பேனா நின்றது.

"என்னம்மா கேள்வி இது? டர்போ, நீதானே முடுக்கின?"

"நானா? மச்சி, நீதானே கோடு போட்ட?"

"கோடு போட்டேன். முடுக்கினது நீதானே?"

"கோடு போட்டவன்தானேடா முடுக்கியிருக்கணும்!"

சோதனைக்காரர் டார்ச்சைக் கீழே வைத்தார். குனிந்து முன்சக்கரத்து நட்டை இரண்டு விரலால் பிடித்தார். ஜாம் பாட்டில் மூடி மாதிரி சுற்றியது. அடுத்ததைப் பிடித்தார், அதுவும் சுற்றியது. மஞ்சள் கோடு இரண்டாகப் பிரிந்து, ஒரு பாதி அவர் விரலோடு ஊர்வலம் போனது.

"சார், அஞ்சு நிமிஷம். இங்கயே முடுக்கிடறோம். ரெஞ்ச் இருக்கு சார், புது ரெஞ்ச்!"

"தளர்ந்து வந்திருந்தா நானே முடுக்கிட்டு வாங்கன்னு சொல்லியிருப்பேன். இது முடுக்கியாச்சுன்னு எழுதிக்கிட்டு வந்திருக்கு. இனிமே இதுல எதை சார் நான் நம்பறது?" அட்டையில் குறுக்காக ஒரு கோடு போட்டார். அது நீலம். "வண்டியை ஓரம் கட்டுங்க. பின்னால ஆள் நிக்குது."

பின்னால் நின்றது கல்லூரிப் பெண் ஒருத்தி, அம்மாவின் காரோடு. ஏசி ஓடிக்கொண்டிருந்தது. ஏழு நிமிஷத்தில் தேறிப் போய்விட்டாள்.

அன்று மாலை குழுவில் ஓர் அறிக்கை வெளியானது. 'தொழில்நுட்பக் கருத்து வேறுபாடு காரணமாக நமது அணி இன்று களமிறங்கவில்லை.' கருத்து வேறுபாடு யாருக்கும் யாருக்கும் என்பது அதில் இல்லை.

ஒப்பந்தப்படி எல்லாவற்றையும் திரும்ப மாட்டியாக வேண்டும். அவன் ஸ்பேனரை எடுத்தான். மனைவி அதைப் பிடுங்கி மெக்கானிக்கைக் கூப்பிட்டாள். அவர் கையோடு ஓர் ஆளைக் கூட்டிவந்து மூன்றே நாளில் முடித்துவிட்டுப் போனார். கோடு எதுவும் போடவில்லை.

திங்கட்கிழமை காலை அவள் வேலைக்குக் கிளம்பினாள். வழியில் கடையில் இறக்கிவிடச் சொல்லி அவனும் ஏறிக்கொண்டான். பெரிய சாலைக்கு வந்து கொஞ்சம் வேகம் எடுத்ததும், சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்து, காதைத் தீட்டிக்கொண்டு, திருப்தியாகத் தலையை ஆட்டினான்.

"பாத்தியாம்மா, எப்படி இழுக்குது! முன்ன இப்படியா இருந்தது? சும்மாவா, பதினாலு மாச உழைப்பு."

அந்தப் பதினான்கு மாதத்தில் எஞ்சினை யாரும் தொடவில்லை.