முள்வெட்டி வீட்டுப் பட்டப்பெயர்கள்

முள்வெட்டி வம்சத்தில் ஒருவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வேலைக்கு ஆகாது. இந்த முள்ளுக்காட்டை முதன்முதலில் வெட்டி, கிணறு தோண்டி, வயலாக்கியவரின் பெயரைத்தான் வீட்டுக்கு வீடு மூத்த மகனுக்கு வைத்துக்கொண்டு வந்தார்கள். களத்தில் நின்று அந்தப் பெயரைக் கூப்பிட்டால் அரை டஜன் தலைகள் திரும்பும். அதனால் ஆளுக்கொரு பட்டப்பெயர். அதையும் யாரும் உட்கார்ந்து யோசித்து வைப்பதில்லை. எப்படி நடக்கிறான், எப்படிச் சிரிக்கிறான் என்று பார்த்து யாராவது ஒருவர் கிண்டலாகச் சொல்வார். மறுநாள் ஊரே சொல்லும். ஒட்டிக்கொண்டால் ஒட்டிக்கொண்டதுதான், செத்தாலும் போகாது.

அந்த வம்சத்தின் இளைய பெண்களில் ஒருத்தி அவள்; அவளுக்கு விழுந்த பெயர் ரப்பர். பகலில் விதைக்கடையில் வேலை, மாலையில் டவுனில் கட்டட வரைபட வகுப்பு. அங்கே ஒரு கோடு போட்டால் இரண்டு கோடு அழிப்பாள். சரியாகத்தான் போட்டிருப்பாள். ஆனாலும் சந்தேகம் வந்துவிடும். வகுப்பில் மற்றவர்கள் மூன்றாவது தாளுக்குப் போயிருக்கும்போது அவள் முதல் தாளைத் தேய்த்துத் தேய்த்து ஓட்டையாக்கிக்கொண்டிருப்பாள்.

முள்வெட்டி இந்த மண்ணில் கால் வைத்து நூறு வருடம் ஆகப்போகிறது என்று குடும்பமே கூடுவதாக ஏற்பாடு. கூடத்தின் சுவரில் மாட்ட ஒரு வம்ச மரம் வரைய வேண்டும். வரையத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். வம்சக் கதை தெரிந்தவள் அத்தை. அப்பாவின் அக்கா. அதனால் அந்த விடுமுறை நாள் மதியம் பெரிய தாளைச் சுருட்டிக்கொண்டு அவள் அத்தை வீட்டுக்குப் போனாள்.

அத்தை சமையலறை மேசையில் முறத்தில் விதைப் பயறைக் கொட்டிப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். சொத்தைப் பயறு ஒன்றுகூட அவள் விரலுக்குத் தப்பாது. ஜன்னலுக்கு வெளியே வாய்க்கால் கரையும் அதற்கு அப்பால் அறுவடை நடக்கும் வயலும் தெரிந்தன. டிராக்டர் சத்தம் கிட்டே வருவதும் தூரப் போவதுமாக இருந்தது. ஓட்டுவது அப்பா.

"தாளை விரிடீ. முதல்ல உச்சியில முள்வெட்டி" என்றாள் அத்தை. "கடைசிக் காலத்துல மனுஷன் ஒரு இடத்துல நிக்க மாட்டாராம். காலைத் தூக்கித் தூக்கி வைப்பாராம். வெட்டின முள்ளெல்லாம் சேர்ந்து கால்ல ஏறிடுச்சுன்னு சிரிப்பாங்களாம்."

"இதையும் எழுதணுமா அத்தை?"

"எழுதாதே. பேரை மட்டும் போடு. கூடத்துல நாலு பேர் பார்க்கிற இடம்."

"பேரை மட்டும் போட்டா எல்லாப் பெட்டியிலயும் ஒரே பேர்தானே இருக்கும்? யார் யாருன்னு எப்படித் தெரியும்?"

அத்தை யோசித்தாள். "சரி, பென்சில்ல பட்டப்பேரையும் சின்னதா போட்டுக்கோ. அப்புறம் அழிச்சிடலாம். அதுல நீ கெட்டிக்காரி."

முள்வெட்டிக்கு இரண்டு மகன்கள். மூத்தவர் தாளக்காரர். சும்மா உட்கார்ந்திருந்தாலும் விரல்கள் முழங்காலில் தாளம் போட்டுக்கொண்டே இருக்குமாம். கடைசியில் உடம்பு முழுக்கத் தாளம் போட்டதாம். இளையவர் நேர்கோடு. ஏர் பிடித்தால் நூல் பிடித்த மாதிரி போவாராம். எண்பது வயதிலும் ஊசியில் தானே நூல் கோத்தாராம்.

"தாளக்காரருக்கு ரெண்டு பிள்ளைங்க. மகள் கைநழுவி." அத்தை சிரிக்க ஆரம்பித்தாள். "எனக்கு அத்தை முறை. சின்ன வயசுல நல்லாத்தான் இருந்தா. அப்புறம் எதைக் கொடுத்தாலும் கீழதான். அவங்க வீட்டுல கண்ணாடிச் சாமானே கிடையாது, எல்லாம் தகரம். பின்னால நடையும் கோணிப் போச்சு. மறைச்சு வச்சுக் குடிக்கிறாள்னு ஊரே பேசுச்சு. மகன் எங்கப்பா. உன் தாத்தா. கிணத்துக்காரர்."

அவள் எழுதிக்கொண்டே வந்தாள். கைநழுவியின் மகன் நடக்கும்போதே கைகால் சுற்றும் சுழல்காற்று; மகள் குடிகாரி, அவள் குடித்து யாரும் பார்த்ததில்லை, ஆனால் அந்தத் தள்ளாட்டத்தைப் பார்த்துக் கல்யாணத்துக்கு அழைப்பு வைக்கவே பயப்படுவார்கள். நேர்கோட்டின் பக்கம் பெட்டிகள் தாள் கொள்ளாமல் பெருகின. பல்லன், ரேடியோ, குட்டைச் சித்தப்பா, மாங்காய், நெட்டை.

தாளக்காரர் பக்கத்துப் பெயர்களில் ஒரு விஷயம் அவளுக்கு உறுத்தியது. முதலில் அது தன் வழக்கமான சந்தேகம் என்று நினைத்தாள். கால் நிற்காதவர், விரல் நிற்காதவர், கை நழுவுகிறவள், சுழல்கிறவன், குடிக்காமலே குடிகாரி ஆனவள். அந்தப் பெட்டிகள் ஒவ்வொன்றின் ஓரத்திலும் மெல்ல ஒரு புள்ளி வைத்தாள். வைத்துவிட்டுத் தாளைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள்.

ஒவ்வொரு புள்ளியும் இன்னொரு புள்ளிக்குக் கீழேதான் தொங்கியது. நடுவில் ஆள் விட்டு எங்கும் தாவவில்லை. நேர்கோடு தப்பித்தார். அவருக்குக் கீழே அத்தனை பெட்டிகளில் ஒன்றில்கூடப் புள்ளி இல்லை.



"அத்தை, சுழல்காற்று மாமாவுக்கு அது எப்ப ஆரம்பிச்சது?"

"எது?"

"அந்தச் சுத்தல்."

"நாப்பது தாண்டித்தான். அதுக்கு முன்னாடி மனுஷன் மரமேறி. ஏன்டீ?"

"கைநழுவி?"

"அவளும் அப்படித்தான். பேரன் பேத்தி எடுக்கிற வயசுல." அத்தையின் விரல்கள் பயறில் நின்றன. "எதுக்கு இப்படி விசாரணைக் கமிஷன் மாதிரி கேக்குற?"

"தாத்தாவுக்கு?"

"எங்கப்பாவுக்கு அதெல்லாம் கிடையாது. கல்லு மாதிரி கை. தெரிஞ்சுக்கோ."

"அவர் எந்த வயசுல போனாரு?"

அத்தை ஒரு சொத்தைப் பயறைத் தனியே எடுத்து வைத்தாள். "கிணத்துச் சுவர் சரிஞ்சப்ப உங்கப்பன் என் இடுப்புல இருந்தான். எனக்கு விவரம் தெரியாத வயசு. அப்பாவுக்கு முப்பதுகூட இருக்காது."

அப்படியானால் தாத்தாவுக்குப் புள்ளி இல்லை என்பதற்கு அர்த்தமே இல்லை. புள்ளி விழும் வயது வரை அவர் இருக்கவில்லை, அவ்வளவுதான். கிணற்றுச் சுவர் முந்திக்கொண்டது. 'நம்ம வீட்டுக்கு அது வரல' என்று இத்தனை காலம் எல்லோரும் நிம்மதியாக இருந்தது ஒரு விபத்தை நம்பி.

அவள் பென்சிலின் முனையைப் பெட்டிக்குப் பெட்டி கீழே இறக்கினாள். முள்வெட்டி, தாளக்காரர், கிணத்துக்காரர். அதற்குக் கீழே இரண்டு பெட்டிகள். அத்தையும் அப்பாவும். அப்பாவுக்குக் கீழே அக்காவும் அவளும். அக்காவுக்குக் கீழே வாண்டு. அப்பாவின் பெட்டி சுத்தமாக இருந்தால் கீழே மூன்று பேரும் சுத்தம். முதலில் அவள் நினைத்தது அப்பாவை அல்ல, தன்னை. அது அவளுக்கே தெரிந்தது. அந்த வெட்கம்கூடப் பயத்துக்கு அப்புறம்தான் வந்தது.

"அத்தை, இது குடி இல்ல. இது ரத்தத்துல இறங்குற வியாதி. பாருங்க, புள்ளிக்குக் கீழதான் புள்ளி."

அத்தை தாளைப் பார்க்கவே இல்லை. "வாயைக் கழுவு. ரெண்டு வருஷம் டவுனுக்குப் போய்க் கோடு போடக் கத்துக்கிட்டா டாக்டரா? என் பொண்ணுங்களுக்கு இன்னும் வரன் பார்க்கணும். இந்தப் பேச்சு வெளிய போச்சுன்னா உன்னை நான் சும்மா விட மாட்டேன். எடு ரப்பரை, அழி."

சொல்லிக்கொண்டே அத்தை வலது கையை முறத்தின் மேல் விரித்துப் பிடித்துப் பார்த்தாள். அவளை அறியாமல் செய்தது. விரல்கள் அசையாமல் நின்றன. நிம்மதியாக ஒரு மூச்சு விட்டுவிட்டு, தான் பார்த்ததை மருமகள் பார்த்துவிட்டாள் என்று தெரிந்ததும் பயறை வேகவேகமாகக் கலைத்தாள்.

"உங்கப்பனுக்கும் ஒண்ணும் இல்ல" என்றாள், குரலை இறக்கி. "அவனைப் பாரு. அத்தனை பெரிய வண்டிய ஒரு கையில ஓட்டுறான். அறுப்பு ஆளுங்க அதுக்குத்தானே இந்த வருஷம் பேரே வச்சிருக்காங்க. ஒத்தக்கைன்னு. அதைப் போடு, அவன் பெட்டியில."

அவள் பென்சிலை எடுத்தாள். 'ஒ' எழுதினாள். அதற்கு மேல் கை ஓடவில்லை.

ஒற்றைக் கையால் ஏன் ஓட்டுகிறார்?

இடது கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்காருவது அப்பாவுக்கு எப்போதிலிருந்து பழக்கம்? சாப்பிடும்போதும் அப்படித்தான். தன் தாத்தா மாதிரி என்று வாண்டுவும் கையைத் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டு சாப்பிட, அக்கா அதட்டியிருக்கிறாள். போன வாரம் தண்ணீர்ச் செம்பு தவறி விழுந்தபோது அப்பா சிரித்தார். "நாள் முழுக்க டிராக்டர்ல உட்கார்ந்தா என்ஜின் ஆட்டம் கைக்குள்ள குடியேறிடுது, பாப்பா." அவளும் சிரித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். இந்தக் குடும்பம் நூறு வருடமாக இதைத்தான் செய்துகொண்டிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் சரியாகப் பார்க்கிறார்கள். பார்த்துவிட்டுப் பெயர் வைத்துச் சிரிக்கிறார்கள்.

"வாண்டு எங்க அத்தை?"

"தாத்தா மடியிலதான். காலையில இருந்து வண்டியை விட்டு இறங்க மாட்டேங்குதாம். வாய்க்கால் கரை மேல ஏத்திக்கிட்டு…"

அவள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். பின்னால் அத்தை "அடியே, வெயில்ல எங்கடீ" என்று கத்தியது காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை.

வாய்க்கால் கரை ஒரு வண்டி அகலம்தான். ஒரு பக்கம் தண்ணீர், இன்னொரு பக்கம் ஆள் உயரப் பள்ளம். டிராக்டர் பின்னால் கதிர் ஏற்றிய டிரெய்லரை இழுத்துக்கொண்டு எதிரே வந்தது. அப்பாவின் மடியில் வாண்டு, இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்து ஓட்டுகிற பாவனையில். அப்பாவின் வலது கை ஸ்டியரிங்கில். இடது கை தொடைக்கு அடியில்.

செருப்பு அறுந்து எங்கோ போனது. அவள் கரையின் நடுவில் நின்று இரண்டு கைகளையும் விரித்தாள். முன் சக்கரம் ஒரு முறை தண்ணீர்ப் பக்கம் வழுக்கித் திரும்பியது. அவள் விலகவில்லை.

வண்டி நின்றது. என்ஜின் உறுமிக்கொண்டே இருந்தது.

"என்ன பாப்பா, உயிரைக் கொடுக்க வேற இடம் கிடைக்கலையா?" அப்பா சிரித்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது.

அவள் மட்கார்டில் கால் வைத்து ஏறி வாண்டுவைத் தூக்கி இறக்கினாள். "நான் ஓட்டணும் சித்தி" என்று அது காலை உதைத்தது.

"அப்பா, இடது கையைக் காட்டுங்க."

"எதுக்கு?"

"காட்டுங்கப்பா."

அப்பா வயல் பக்கம் பார்த்தார். கதிர் கட்டுகிறவர்கள் தூரத்தில் குனிந்திருந்தார்கள். மெதுவாகக் கையை உருவி ஸ்டியரிங் மேல் வைத்தார். விரல்கள் ஒவ்வொன்றாக எழுந்து எழுந்து விழுந்தன, ஆர்மோனியம் வாசிப்பது போல. அவர் அதைத் தன் கை இல்லாத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ஜின் ஆட்டம்" என்றார்.

"என்ஜினை நிறுத்துங்க."

"நிறுத்தினா மறுபடி ஸ்டார்ட் பண்ண லேட்டாகும். மழை வர்ற மாதிரி இருக்கு. கதிர்…"

"அப்பா."

அவர் சாவியை உடனே திருப்பவில்லை. அவர் இதுவரை ஒரு தடவைகூட என்ஜினை நிறுத்திவிட்டுக் கையைப் பார்த்ததில்லை என்பது அவளுக்கு அப்போது புரிந்தது. வீட்டிலும் வயலிலும் எங்கேயும் அவர் அதைத் தொடைக்கு அடியிலேயே வைத்திருந்தார், தனக்கும் தெரியாமல் இருக்க.

சாவி திரும்பியது. என்ஜின் இரண்டு குலுக்கல் குலுக்கி அடங்கியது. வாய்க்கால் தண்ணீரின் சத்தம் கேட்க ஆரம்பித்தது. இரண்டு பேரும் ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கை நிற்கவில்லை.

"அத்தை சொன்னாளா?" என்றார் அப்பா.

"அத்தைக்குத் தெரியாது. மரம் வரைஞ்சேன், அதுல தெரிஞ்சது."

"சுழல்காற்று மச்சானுக்கு நான்தான் அந்தப் பேரை வச்சேன்" என்றார் அப்பா. "எங்க அக்கா எப்படி இருக்கா?"

"நல்லா இருக்காங்க. கை நிக்குது."

"சரி. நல்லது." சாவியை உருவி அவள் கையில் வைத்தார். அதை வைப்பதற்கே இரண்டு தடவை முயல வேண்டியிருந்தது. "நாளைக்கு டவுன்ல பெரிய ஆஸ்பத்திரிக்குப் போலாம். நீ கூட வா. அந்தத் தாளையும் எடுத்துக்கோ. அழிக்காம எடுத்துக்கோ."

பிறகுதான் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டார், அவள் முகத்தைப் பார்க்காமல். "உன் கை எப்படிம்மா?"

அவள் சாவியை இடுப்பில் செருகிவிட்டு இரண்டு கைகளையும் மட்கார்டின் மேல் நீட்டினாள். இரண்டும் ஆடின.

"பயத்துல ஆடுதுப்பா."

"ஓடி வந்ததுல இருக்கும்" என்றார் அப்பா. அவள் சொன்னதை அவர் நம்பினாரா, அவர் சொன்னதை அவள் நம்பினாளா, தெரியவில்லை. இரண்டு பேரும் அந்தக் கைகள் நிற்கட்டும் என்று காத்திருந்தார்கள். வயலில் இருந்து யாரோ, "ஒத்தக்கை! வண்டி ஏன் நின்னுடுச்சு?" என்று கூவினார்கள்.

கீழே கரையில் வாண்டுவின் சிரிப்புக் கேட்டது. அது டிராக்டரின் பெரிய சக்கரத்தில் உள்ளங்கையை வைத்து, விரல்களை ஒவ்வொன்றாகத் தூக்கித் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தது.

"சித்தி, இங்க பாரு! தாத்தா மாதிரி!"

அவள் குதித்து இறங்கி அந்தச் சின்னக் கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள் பொத்திக்கொண்டாள். விளையாட்டு முடியவில்லை என்று அது நினைத்தது. உள்ளே விரல்கள் நிற்காமல் துள்ளின.