ஆமெனுக்கு முன்

தூக்குக்குப் போகிறவன் தனக்குக் கடைசிப் பிரசங்கம் செய்யும் போதகரைத் தானே கேட்டு வாங்கலாம். மாசசூசெட்ஸில் அப்படி ஒரு வழக்கம். ஆசகேல் பிராட், ஓபதியா விட்காமைக் கேட்டான்.

இருபது வருடம் அவர்தான் ஊர்ச் சபைக்குப் போதகர். இங்கிலாந்து ராஜாவோடு சண்டை முடிந்த கையோடு, கடனுக்காகக் கோர்ட் உழவு மாடுகளைப் பிடுங்க ஆரம்பித்தது. "எங்களுக்காகப் போய்ப் பேசுங்க ஐயா" என்று ஊரே அவரைப் பாஸ்டன் சட்டசபைக்கு அனுப்பியது. போனார். கோர்ட்டை ஆயுதத்தோடு மறித்தால் தூக்கு என்று சட்டம் வந்தபோது அவரும் கை தூக்கினார். சும்மா பயமுறுத்தத்தான் என்று பெரிய மனிதர்கள் சொன்னதை நம்பினார். அந்தச் சட்டத்தில்தான் ஆசகேல் மாட்டினான். படித்த மனிதர் இப்படியா ஏமாறுவார்!

இப்போது ஆளுநரின் மன்னிப்பு வந்துகொண்டிருக்கிறது என்றார்கள். அதையும் நம்பி, ஆசகேலின் மனைவி தாங்க்ஃபுல்லிடம் சொல்லிவிட்டார். புருஷன் குளிரில் வீட்டுக்கு நடந்து வருவதற்காக அவள் கம்பளிக் காலுறையோடு வந்து நின்றாள்.

போதகர் ஆமென் சொன்ன பிறகுதான் ஷெரீப், தூக்குமரத்தடியில் ஆசகேல் நிற்கும் வண்டியை இழுக்கச் சொல்வார். அதனால் ஓபதியா ஆமெனைத் தள்ளிப்போட்டார். நோவாவில் தொடங்கி, யோபுவுக்கு வந்து, யோனாவை மீனுக்குள் விட்டு வெளியே எடுத்தார். கண் மட்டும் பாஸ்டன் சாலையிலேயே இருந்தது. பனியும் மழையுமாகத் தூறியது. மன்னிப்புக் கடிதத்தோடு குதிரை வரவில்லை.

வண்டியில் கழுத்தில் கயிறோடு நின்ற ஆசகேல் சிரித்தான்.

"உங்க பிரசங்கத்துல நான் தூங்காம இருந்தது இன்னைக்குத்தான் ஐயா."

கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"கொஞ்சம் பொறுடா ஆசகேல். வந்துடும்."

"வர்றதா இருந்தா ஷெரீப் இப்படி மூஞ்சியத் திருப்பிக்கிட்டு நிப்பாரா? அங்க பாருங்க, அவ நனையிறா. கையில பச்சப் புள்ள. பிரசங்கத்த முடிச்சிடுங்க."

ஓபதியா வாயைத் திறந்தார். "ஆ" என்பதோடு நின்றுவிட்டது. பாஸ்டனில் அவ்வளவு சுலபமாக மேலே போன கை, வேதப் புத்தகத்தை மூடவில்லை. எல்லோர் முன்னாலும் அழுதார்.

"சரி, விடுங்க. நானே சொல்லிக்கிறேன்" என்றான் ஆசகேல். "ஆமென்."

ஷெரீப் தலையசைத்தார். வண்டி நகர்ந்தது.

கயிற்றை அறுத்து அவனை இறக்கிப் பலகையில் கிடத்தினார்கள். தாங்க்ஃபுல் அழவில்லை. குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டு காலுறையை ஓபதியாவிடம் நீட்டினாள்.

"எனக்குக் கை ஒழியல. நீங்க மாட்டி விடுங்க."

அவர் சேற்றில் மண்டியிட்டார். பாதம் ஈரமாக இருந்தது. காலுறை லேசில் ஏறவில்லை.