இரண்டாம் வருஷ வண்டி

காராசு கணவாயின் உச்சியில், வண்டி நிறுத்தும் திடலை ஒட்டி என் ஊடோன் நூடுல்ஸ் கடை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நான் கடை திறப்பதற்கு முன்பே ஆண்கள் கூட்டம் வந்துவிடும். எல்லாம் நாற்பதும் ஐம்பதும் தாண்டியவர்கள். பழைய ஸ்போர்ட்ஸ் கார்களை வரிசையாக நிறுத்தி, முன்மூடியைத் திறந்து வைத்து, ஒருவர் வண்டியின் என்ஜினை இன்னொருவர் எட்டிப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்கள். வீட்டில் ஒரு கிண்ணத்தைக் கழுவாத கைகள், இங்கே சக்கரத்தின் இடுக்கில் பல் துலக்கும் பிரஷ்ஷை விட்டுத் தேய்க்கும்.

பேச்சு எப்போதும் ஒன்றுதான். இந்தக் காலத்தில் நமக்கென்று யார் வண்டி செய்கிறார்கள்? சின்னதாக, எடை குறைவாக, சம்பளக்காரன் வாங்குகிற விலையில், பின்சக்கரம் தள்ளுகிற ஒரு வண்டி. காலடியில் கிளச்சோடு சேர்த்து மூன்று மிதி. அவ்வளவுதானே கேட்கிறோம்? கம்பெனிக்காரர்களுக்கு இது புரியவில்லையே என்று புலம்புவார்கள். "முன்சக்கரம் இழுக்குற வண்டியில நீ பிரயாணி. பின்சக்கரம் தள்ளினாத்தான் நீ ஓட்டுறவன்" என்பார் குராமோச்சி டாக்டர். பல் டாக்டர். கூட்டத்துக்குத் தலைவர் மாதிரி. இதை அவர் சொல்லும்போதெல்லாம் பஞ்சாயத்து அலுவலக ஹிராசாவாவும், பெட்ரோல் பங்க் வைத்திருக்கும் நோகாமியும் புதிதாகக் கேட்பதுபோலத் தலையாட்டுவார்கள். எனக்குக் காது புளித்துப் போயிருந்தது.

இவர்கள் நடுவில் பேசாமல் ஒருவர் உட்கார்ந்திருப்பார். சுகாயா. கீழே ஊருக்கு வெளியே இருக்கிற பெரிய கார் கம்பெனியில் வடிவமைப்பு என்ஜினியர். வறுத்த தோஃபு போட்ட ஊடோனை வாங்கிக்கொண்டு, மற்றவர்கள் பேசுவதை அப்படியே குடித்துக்கொண்டிருப்பார். எப்போதாவது ஒரு கேள்வி கேட்பார். கிளச் மிதி எவ்வளவு கனமாக இருந்தால் பிடிக்கும்? உட்கார்ந்தால் முதுகு தரைக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்க வேண்டும்? கேட்டதும் மூன்று பேரும் கையை வீசி ஒரு மணி நேரம் விளக்குவார்கள்.

ஒரு நாள் டாக்டர் எல்லார் முன்னாலும் சொன்னார். "நீங்க செஞ்சு கொண்டு வாங்க சுகாயா-சான். மறுநாளே ஷோரூம்ல போய் வாங்குற ஒப்பந்தத்துல முத்திரை குத்துறேன். இது வாய்ப்பேச்சில்ல."

ஹிராசாவா தனக்கும் ஒன்று என்றார். நோகாமி, பெண்டாட்டி விவாகரத்து கேட்டாலும் தனக்கும் ஒன்று என்றார். எல்லாரும் சிரித்தார்கள். சுகாயா சிரிக்கவில்லை. தலை குனிந்து நன்றி சொன்னார்.

இந்த ஊரில் பிறந்து வளர்ந்த மனிதர், ஞாயிற்றுக்கிழமைப் பேச்சு எது, வேலைநாள் பேச்சு எது என்று தெரிய வேண்டாமா? தெரியவில்லை. நம்பிவிட்டார்.

அதற்குப் பிறகு அவர் வருவது குறைந்தது. வந்தால் கண்ணுக்குக் கீழே கருத்திருக்கும். கம்பெனியில் ஒருவரும் அவர் பக்கம் இல்லை என்பது கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்தது. பெட்டி மாதிரி குடும்ப வண்டிதான் போகிறது, மூன்று மிதி வண்டியை இனி யார் வாங்குவார்கள் என்று மேலே கேட்டிருக்கிறார்கள். இவர் கம்பெனிக் கூட்டம் ஒவ்வொன்றிலும் எழுந்து நின்று, வாங்குகிறவர்களை எனக்குத் தெரியும், வாரா வாரம் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுகிறேன் என்றாராம். என் கடையில் ஊடோன் உறிஞ்சுகிற மூன்று வாய்களை நம்பி ஒரு மனிதர் தன் வேலையைப் பணயம் வைத்தார். பல வருஷப் போராட்டத்துக்குப் பிறகு மேலிடம் சம்மதித்தது. ஆனால் முதல் வருஷம் விற்கவில்லையென்றால் வண்டி செய்வதையும் நிறுத்துவோம், உன்னையும் வேறு இடத்துக்கு அனுப்புவோம் என்று சொல்லித்தான் சம்மதித்தது.

இதை அவர் ரகசியமாக வைக்கவில்லை. அந்த மூன்று பேரிடமும், "முதல் வருஷம்தான் எல்லாமே" என்று சொன்னார். அவரால் அதற்குமேல் சொல்ல முடியாது. செய்தவன் வாங்குகிறவனைப் பார்த்து வாங்கு என்று கேட்பது எங்களிடம் பெரிய வெட்கம்.

ஒரு வசந்தகால ஞாயிற்றுக்கிழமை அந்த வண்டியைக் கொண்டு வந்தார். செர்ரிப் பூ உதிர்ந்து திடலெல்லாம் கிடந்தது. சின்ன வண்டி. சாம்பல் கலந்த நீலம். திரை, குரல், தானாக நிற்பது என்று எந்த வேடிக்கையும் இல்லை. விலையைச் சொன்னதும் நோகாமி இரண்டு தடவை கேட்டார். எல்லா வசதியும் சேர்த்த ஒரு குடும்ப வேனைவிடக் குறைவு.

அவர்கள் பட்ட பரவசத்தை இன்று நினைத்தாலும் எரிச்சலாக வருகிறது. டாக்டர் நல்ல பேண்ட்டோடு தரையில் படுத்து அடியில் பார்த்தார். ஹிராசாவா கதவை மூடி மூடித் திறந்து சத்தம் கேட்டார். ஆளுக்கொரு சுற்று ஓட்டிவிட்டு வந்தார்கள். நோகாமியின் கண் கலங்கியிருந்தது. பொய்க் கண்ணீர் என்று நான் சொல்லமாட்டேன். அதுதான் இதில் கேவலம். அவ்வளவும் உண்மையான சந்தோஷம்.

கூட்டம் கலைந்த பிறகு சுகாயா என்னைக் கூப்பிட்டார். "அக்கா, நீங்களும் ஒரு தடவை உக்காந்து பாருங்க." எனக்குக் கார் என்றால் காய்கறி ஏற்றுகிற சின்ன லாரிதான். ஏப்ரனைக் கழற்றாமலே ஏறினேன். சரிவில் இறங்கி முதல் திருப்பத்தில் திரும்பும்போது, யாரோ நம் இடுப்பில் கை வைத்து மெதுவாக, போ, பயப்படாதே என்று தள்ளுவதுபோல இருந்தது. எதற்கென்று தெரியாமல் வாய்விட்டுச் சிரித்தேன். பக்கத்தில் பார்த்தால் அந்த மனிதரும் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் பல் தெரியச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

மறுநாள் முத்திரை குத்த யாரும் போகவில்லை.

அதற்கடுத்த வாரமும் போகவில்லை. பழைய வண்டிகளே வந்து நின்றன. நான்தான் ஊடோனை வைத்துக்கொண்டே டாக்டரிடம் கேட்டேன். அவர் பாடம் நடத்துகிற குரலில் விளக்கினார்.

"அக்கா, புது மாடலை முதல் வருஷம் வாங்குறவன் சோதனை எலி. வருஷா வருஷம் கம்பெனி திருத்திக்கிட்டே வரும். ரெண்டாம் வருஷ வண்டிதான் புத்திசாலி வாங்குற வண்டி."

இது எங்கள் நாட்டில் கார்ப் பிரியர்களின் வேதம். ஹிராசாவா அதற்கும் ஒரு படி மேலே போனார். கடைசி வருஷம் வருவதுதான் பழுத்த பழம், அதுவரை பொறுத்தவன்தான் உண்மையான ரசிகன் என்றார். யாராவது வாங்கி ஒன்றிரண்டு வருஷம் ஓட்டிவிட்டு விற்பான், அப்போது பாதி விலையில் எடுப்பேன் என்றார் நோகாமி. இதையெல்லாம் சுகாயா எதிரில் இருக்கும்போதே பேசினார்கள். பேசியதோடு விட்டார்களா? இரண்டாம் வருஷ வண்டியில் என்னென்ன திருத்த வேண்டும் என்று அவருக்கே சொல்லிக் கொடுத்தார்கள். இருக்கையில் சூடு வேண்டும். தையல் நூல் சிவப்பாக இருக்க வேண்டும். கியர் குச்சியின் குமிழ் இன்னும் கொஞ்சம் கனக்க வேண்டும். உங்க நல்லதுக்குத்தான் சொல்றோம் என்றார்கள். அவர் ஒவ்வொன்றுக்கும் தலை குனிந்து, நல்ல யோசனை, நன்றி என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "முதல் வருஷம் ஒருத்தரும் வாங்கலேன்னா ரெண்டாம் வருஷம் எங்கேருந்து டாக்டர் வரும்? இவரு அதைத்தானே சொன்னாரு?"

டாக்டர் சிரித்தார். "நான் ஒருத்தன் வாங்கலேன்னா கம்பெனி மூழ்கிடுமா? நாடு முழுக்க வாங்குவான், அக்கா."

நாடு முழுக்க எத்தனை கணவாய் இருக்கிறது? ஒவ்வொரு கணவாயிலும் ஒரு டாக்டர் உட்கார்ந்து இதையே சொல்லிக்கொண்டிருந்திருப்பார். நான் வாங்கியிருக்கலாமே என்று கேட்பீர்கள். எனக்கு வாங்க வக்கில்லை. வாங்குவேன் என்று நான் யாருக்கும் வாக்கும் கொடுக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் அந்த வண்டியை வாங்கியது ஒரே ஒருத்தி. ஓச்சியாய் அம்மாள். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மருத்துவச்சி. அந்தக் காலத்தில் நள்ளிரவில் மலைக் கிராமங்களுக்கு ஓட்டிப் போனவர் என்பதால் மூன்று மிதி அவருக்குப் பழக்கம். எங்கள் நாட்டில் கார் நிறுத்த இடம் இருக்கிறது என்று போலீஸ் சான்றிதழ் கொடுத்தால்தான் வண்டி கையில் கிடைக்கும். அவர் வீட்டுச் சந்துக்குள் அளந்து பார்த்ததில் அடங்கிய வண்டி இதுதான். பின்சக்கரமா முன்சக்கரமா என்று அவருக்குத் தெரியாது. வெந்நீர்க் குளியலுக்குப் போக, பேரன் பள்ளிக்கு மதியச் சாப்பாடு கொடுக்க, அதை ஓட்டினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை இங்கே வந்து நிறுத்தியபோது சுகாயா ஓடிப் போய், எப்படி இருக்கிறது என்று கேட்டார். "ரொம்பச் சமத்து. சொன்னபடி கேக்குது" என்றார் அம்மாள். சுகாயா அங்கேயே இடுப்பை வளைத்து ஆழமாக வணங்கினார். நிமிர வெகு நேரம் ஆயிற்று. அம்மாள் பதறிப்போய்த் தானும் வணங்கினார்.

வருஷம் முடிந்தது. அந்த வண்டி செய்வதை நிறுத்துகிறோம் என்று கம்பெனி அறிவித்தது.

அன்றைக்குப் பார்க்க வேண்டும் இவர்கள் கொதிப்பை. துக்க வீடு தோற்றது. உருப்படியான ஒன்றைச் செய்தார்கள், அதையும் கொன்றுவிட்டார்கள், கம்பெனிக்காரனுக்கு ரசிகனின் மனசு என்றைக்குப் புரிந்தது என்று டாக்டர் மேசையைத் தட்டினார். கடைசியாக மிஞ்சிய சில வண்டிகளுக்கு ஷோரூமில் குலுக்கல் வைத்தார்கள். மூன்று பேரும் விழுந்தடித்துக்கொண்டு ஓடிப் பெயர் கொடுத்தார்கள். ஒருவருக்கும் விழவில்லை. அன்று கோவிலுக்குப் போய் வேண்டிக்கொண்டுதான் குலுக்கலுக்குப் போனாராம் ஹிராசாவா. சாமிக்கும் கணக்குத் தெரியும் போலிருக்கிறது.

சுகாயாவை வடக்கே உதிரிபாகக் கிடங்குக்கு மாற்றினார்கள். யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டார். என் கடை வாசலில் மட்டும் அவர் வைத்துவிட்டுப் போன ஒரு பெட்டி தின்பண்டம் இருந்தது.

அதன் பிறகு அந்த வண்டியின் மதிப்பு ஏறியதே ஏற்றம்! கிடைக்காது என்று தெரிந்ததும் நாடே தேடியது. பழைய வண்டிக் கடைகளில் புதிதாக விற்றதைப்போல இரண்டு மடங்கு. டாக்டர் ஒன்றைப் பிடித்தார். சாம்பல் நீலம். யாரோ முன்பு முரட்டுத்தனமாக ஓட்டியது. அதைத் திடலின் நடுவில் நிறுத்தி, வந்தவர் போனவரிடமெல்லாம், இதன் பிறப்பை நேரில் பார்த்தவன் நான் என்று சொல்லிக்கொண்டார். ஓச்சியாய் அம்மாளிடம் போய், அவர் வண்டியைத் தனக்கு விற்கச் சொல்லி ஹிராசாவா நச்சரித்தார். குளிக்கப் போக என்ன செய்வேன் என்று கேட்டு அம்மாள் அனுப்பிவிட்டார்.

போன இலையுதிர்காலத்தில் சுகாயா வந்தார். பேருந்தில் வந்து இறங்கினார். தலை நரைத்திருந்தது. முதலில் ஓச்சியாய் அம்மாள் நலமா, வண்டி ஓடுகிறதா என்று கேட்டார். இரண்டும் நன்றாக இருக்கிறது என்றேன். முகம் கொஞ்சம் தெளிந்தது. வழக்கமான ஊடோனை வைத்தேன். பாதி சாப்பிடுவதற்குள் டாக்டர் மோப்பம் பிடித்து உள்ளே வந்துவிட்டார்.

தோளைத் தொட்டு, ஆகா ஓகோ என்றார். உங்கள் வண்டி ஒரு காவியம் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி எதிரில் உட்கார்ந்தார். தன் வண்டியில் இரண்டாவது கியர் விழவில்லை என்றார். கியர் பற்களைச் சேர்த்து வைக்கிற வளையம் தேய்ந்துவிட்டது. கணவாய்ப் பாதையில் ஏறவும் இறங்கவும் இரண்டாவது கியர்தான் உயிர். கேட்ட இடத்திலெல்லாம் அந்த வளையம் இல்லை என்கிறார்கள். நீங்கள் கிடங்கில்தானே இருக்கிறீர்கள், ஒன்றே ஒன்று, என்ன விலையானாலும் சரி என்றார். சொல்லிவிட்டுத் தலை குனிந்தார். அந்த மனிதர் இன்னொருவருக்குத் தலை குனிந்து நான் பார்த்ததே இல்லை.

சுகாயா சாப்பிடும் குச்சிகளைக் கிண்ணத்தின் மேல் வைத்தார்.

"இல்ல டாக்டர். வித்த வண்டிக்குத் தகுந்த மாதிரிதான் பாகம் செஞ்சு வைப்பாங்க. வித்தது கொஞ்சம். எல்லாம் தீந்துபோச்சு."

"மறுபடி செய்ய மாட்டாங்களா?"

"கேக்குற ஆளு நிறைய சேந்தா செய்வாங்க. காத்திருங்க." அவர் குரலில் மரியாதை கொஞ்சமும் குறையவில்லை. "உங்களுக்குப் பழக்கம்தானே?"

டாக்டருக்கு முகம் சிவந்தது. எழுந்து வெளியே போனார். இந்தக் கம்பெனிக்காரர்களே இப்படித்தான் என்று வெளியே ஹிராசாவாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது. அந்த நிலையிலும் அவருக்குத் தன் பங்கு உறைக்கவில்லை.

டாக்டர் வண்டியைக் கிளப்பிக்கொண்டு சரிவில் இறங்கினார். முதல் திருப்பத்தில் இரண்டாவது கியருக்குத் தள்ளியிருக்க வேண்டும். இரும்பு இரும்பைக் கடித்து அரைக்கிற சத்தம் மேலே வரை கேட்டது. அடுத்த திருப்பத்திலும் கேட்டது. சுகாயா சாப்பாட்டை விட்டு எழுந்து வாசலுக்கு வந்தார். ஒவ்வொரு தடவை அந்தச் சத்தம் வரும்போதும் அவர் தோள் ஒருமுறை உதறியது. சத்தம் அடிவாரத்தில் ஓயும் வரை அங்கேயே நின்றார். எனக்கு டாக்டரை நினைத்து இரக்கம் வரவில்லை. வண்டியை நினைத்துத்தான் அழுகை வந்தது.