பொருத்த முடியாத மாடிப்படி

பல் டாக்டர் போன் செய்தபோது இரண்டு படிதான் இழைத்திருந்தேன். இன்னும் பதினாறு பாக்கி. "வீட்டை வித்தாச்சுங்க. மாடிப்படி வேண்டாம், நிறுத்திடுங்க" என்றார், ஏதோ இன்னொரு டீ வேண்டாம் என்பதுபோல.

எனக்குச் சுருக்கென்றது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர் அவர். மனைவிக்கு முழங்கால் வலி, ஒரு படியும் ஐந்தங்குல உயரத்தைத் தாண்டக் கூடாது, பாதியில் இடப்பக்கம் திரும்ப வேண்டும் என்று ஆயிரம் கண்டிஷன் போட்டவரும் அவர்தான். "பேச்சு மாறினது நீங்க, நான் இல்ல. செஞ்சே தீருவேன்" என்று போனை வைத்துவிட்டேன்.

பட்டறையில் எனக்குப் பாதி, என் மனைவியின் அண்ணனுக்குப் பாதி. மச்சான் அன்றே ஒரு பள்ளிக்கூடத்து பெஞ்சு வேலையைப் பிடித்துவந்தார். நூற்றிருபது பெஞ்சு.

"ரெண்டு பேரும் இறங்கினாத்தான் முடியும். டாக்டரைத் தலைமுழுகிடு மாப்ள."

"தப்பு அவர் பக்கம். நான் ஏன் விடணும்?"

"தப்பு அவரோடது. மரம் நம்மளோடதாச்சே."

நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஏழு வாரம் இழைத்தேன். டாக்டர் இரண்டு முறை ஆள் அனுப்பி நிறுத்தச் சொன்னார். வந்தவனுக்குக் கைப்பிடியின் பளபளப்பைக் காட்டி அனுப்பினேன். பெஞ்சு வேலை வேறு பட்டறைக்குப் போனது. மச்சான் முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்தினார். பதினெட்டாவது படி முடிந்ததும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வக்கீலம்மாவிடம் போனேன்.

அவர் ஒப்பந்தத்தை இரண்டு தடவை படித்தார்.

"முறிச்சது அவர்தான். அதுல சந்தேகமே இல்ல. விடமாட்டேன்னு நிக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு, அவர் தயவில்லாமலே முடிக்கிற வேலையா இருந்தா. இதை எங்க பொருத்தணும்?"

"அவர் வித்த வீட்ல."

"கதவை யார் திறப்பா?"

நான் ஒப்பந்தத்தை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"அன்னைக்கே நிறுத்தியிருந்தா, நஷ்டத்தைக் கேட்டிருக்கலாம். இப்பவும் அந்த அளவுக்குத்தான் கேக்க முடியும். அதுக்கப்புறமும் செய்ய உங்களுக்கு என்ன நியாயமான தேவை இருந்துச்சுன்னு கோர்ட்ல கேப்பாங்க."

"வீம்புன்னு சொன்னா ஒத்துக்குவாங்களா?"

அவர் சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை. ஐந்தங்குலப் படி வேறு எந்த வீட்டுக்கும் பொருந்தாது என்பது எனக்குத் தெரிந்தேதான் இருந்தது. நான் யோக்கியன் என்று ஊர் பார்க்கட்டும் என்றே இழைத்திருக்கிறேன். எரிச்சல் முழுக்க டாக்டர்மேல்தான் என்று நினைத்துக்கொண்டே பட்டறைக்குத் திரும்பினேன்.

மச்சான் உளிகளைச் சாக்கில் சுற்றிக்கொண்டிருந்தார். பெஞ்சு செய்யும் பட்டறையிலேயே சேர்ந்துவிட்டாராம்.

"இது அநியாயம் மச்சான். கடைசிவரைக்கும் சேர்ந்தே நடத்துறதுன்னுதானே பேச்சு? நான் அதை விடல."

"நீ விடலைன்னா சரி. நான் வராம எப்படிச் சேர்ந்து நடத்துவே?"

வக்கீலம்மா அரை மணி நேரம் விளக்கியதை இவர் ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார். வீம்புகூடக் கைகொடுக்கவில்லை.

வாசலில் வண்டி நின்றது. அவருடைய வேலை மேஜை கனமானது, ஒற்றை ஆளாகத் தூக்க முடியாது.

"ஒரு கை பிடி மாப்ள" என்றார்.

பிடித்தேன்.