ரேடியோ அக்காவின் பாட்டு

"நிறுத்துங்க! எல்லாரும் அப்படியே நிறுத்துங்க!"

கையில் ஒரு சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இரண்டு வரிசைத் தையல் மிஷின்களுக்கு நடுவே ஓடி வந்தாள் சூப்பர்வைசர். சட்டையின் உடம்பு ஒரு நீலம், கை இன்னொரு நீலம். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால்தான் தெரியும். ஆனால் வாங்குகிறவன் வெளிச்சத்தில்தான் பிடித்துப் பார்ப்பான்.

மிஷின்கள் ஒவ்வொன்றாக அடங்கின. சுவரைப் பார்த்துப் போட்டிருந்த கடைசி மிஷின் மட்டும் அடங்கவில்லை. அதே வேகத்தில் இன்னொரு வெளுத்த கையை இன்னொரு சட்டையில் ஏற்றிக்கொண்டிருந்தது. சூப்பர்வைசர் போய்த் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

ரேடியோ அக்கா தூக்கிவாரிப் போட்டுத் திரும்பினாள். "என்னடி, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?"

"ஓரத்துல இருக்கிற இந்தத் துணிக்கட்டு வேற சாயம், யாரும் தொடாதீங்கன்னு கட்டிங் மாஸ்டர் காலையிலயே தொண்டை கிழியச் சொன்னாரே! எல்லாரும் கேட்டாங்க. உனக்கு மட்டும் என்னக்கா?"

அக்கா சட்டையைப் பார்த்தாள். பக்கத்தில் தைத்துக் குவித்திருந்ததைப் பார்த்தாள். முகம் வெளிறிவிட்டது. "கவனம் எங்கயோ போயிடுச்சுடி. பாட்டு இல்லாம எனக்கு வேலையே ஓட மாட்டேங்குது."

"பாட்டு இருந்தப்ப மட்டும் என்ன கிழிச்சுது?" என்றார் கட்டிங் மாஸ்டர், தன் மேஜையிலிருந்தே. "ஸ்பீக்கர் பெட்டியில ஒரு பாட்டு ஓடும், இந்த அக்கா வேற ஒரு பாட்டு பாடும்!"

எல்லாரும் அலுப்பாகச் சிரித்தார்கள். அவர்கள் முகங்களைப் பார்த்துவிட்டு அக்காவும் சிரித்தாள், ஒரு நொடி பிந்தி.

பாட்டை நிறுத்தியது சூப்பர்வைசர் அல்ல, முதலாளி. பாட்டு கேட்டுக்கொண்டே வேலை செய்தால் மூளை இரண்டாகப் பிரிகிறது என்று யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள். அதில் பொய்யும் இல்லை. குத்துப்பாட்டு ஓடினால் கைகள் பறக்கும், தையல் கோணும். சோகப்பாட்டு ஓடினால் தையல் நேராக வரும், ஆனால் சாயங்காலம்வரை வந்துகொண்டே இருக்கும். திங்கட்கிழமை பாட்டு இருந்த பென்டிரைவை ஸ்பீக்கர் பெட்டியிலிருந்து பிடுங்கிக் கைப்பையில் போட்டபோது, இனி தலைவலியாவது குறையும் என்றுதான் சூப்பர்வைசர் நினைத்தாள்.

குறையவில்லை. பாட்டு நின்றதும் அவரவருக்கு அவரவர் வீடு கேட்க ஆரம்பித்தது. குடிக்கிற புருஷன், படிக்காத மகன், வீங்கின முழங்கால். அதுவரை அந்தக் கூடத்தில் யாரும் யாரோடும் வாயால் பேசியதில்லை. பேசினாலும் காதில் விழாது. நூல் வேண்டுமென்றால் எதிரே போய் நின்று விரலைச் சுற்றிக் காட்ட வேண்டும். கத்தரி என்றால் இரண்டு விரல். இப்போது உட்கார்ந்த இடத்திலிருந்தே, முதுகுக்குப் பின்னாலிருந்தே, எல்லாரும் பேசினார்கள். மெதுவாகப் பேசினார்கள்.

அக்காவுக்குத்தான் அது ஒத்துவரவில்லை. தினமும் முதல் ஆளாக வந்து, பையை மாட்டுவதற்கு முன்பே ஸ்பீக்கர் பெட்டியைப் போடுகிறவள் அவள்தான். பெட்டிமேல் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பாள், திருப்தி வராது, இன்னும் கொஞ்சம் கூட்டுவாள். பட்டப்பெயர் அப்படி வந்ததுதான்.

மூன்று மணிக்கு முதலாளி போனில் வந்தார். "யாரு செஞ்சது?"

"பாத்துட்டு இருக்கேன் சார்."

"பாத்துட்டே இருக்காத. சரக்கு எடுக்க வண்டி வர்றதுக்குள்ள பேரைச் சொல்லு. நாளைலருந்து அந்த ஆளு வேணாம்."

பேரைச் சொல்ல ஒரு நிமிஷம் போதும். ஆனால் அவளும் அக்காவும் இங்கே ஒரே வாரத்தில் சேர்ந்தவர்கள். அக்கா வீட்டில் சம்பாதிக்கிற கை இது ஒன்றுதான் என்பதும் தெரியும். சூப்பர்வைசருக்குக் கோபப்படக்கூடத் தெம்பில்லை.

எல்லாரும் டீ குடிக்க வெளியே போனார்கள். அக்கா போகவில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்து, தப்பாகத் தைத்த கைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். விரல் நடுங்கியது. தையல் பிரிக்கிற கொக்கி துணியில் மாட்டி இழுத்தது. இந்த வேகத்தில் போனால் வண்டி வருவதற்குள் பாதிகூட முடியாது.

சூப்பர்வைசர் பக்கத்தில் போய் அவள் முகத்துக்கு நேரே குனிந்தாள். "பாட்டு போட்டா கை ஓடுமா?"

அக்கா அவள் வாயையே பார்த்தாள். பிறகு குழந்தைபோலத் தலையாட்டினாள்.

முதலாளி கேட்டால் கேட்கட்டும். சூப்பர்வைசர் பெட்டியின் சுவிட்சைத் தட்டினாள். பாட்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும் எரிகிற பச்சை விளக்குகள் வரிசையாக ஓட ஆரம்பித்தன. அக்கா திரும்பி அவற்றைப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள். பென்டிரைவைத் தேடிச் சூப்பர்வைசர் கைப்பையைத் துழாவினாள். சீப்பு, மாத்திரை, சாவிக்கொத்து. அடியில் கிடந்தது. எடுத்துச் சொருகப் போனாள்.

பின்னால் ஒரு செருப்பு தாளம் போட்டது.

அக்காவின் கால். தோள்கள் இறங்கியிருந்தன. விரல்களில் நடுக்கம் இல்லை. கொக்கி தையலுக்குள் வழுக்கிக்கொண்டு போனது. "அப்பாடா!" என்றாள் அக்கா, சுவரைப் பார்த்தபடியே. "இப்பதான்டி உசுரு வந்துச்சு." பிறகு பாட ஆரம்பித்தாள்.

சூப்பர்வைசர் கையிலிருந்த பென்டிரைவைப் பார்த்தாள். அதை இன்னும் சொருகவே இல்லை.

மேஜைமேல், அக்காவின் முழங்கையை ஒட்டினாற்போல், சூப்பர்வைசர் வைத்திருந்த போன் அலறியது. முதலாளி. அலறி அலறித் தானே ஓய்ந்தது. அக்காவின் தலை அசையவில்லை.

"அக்கா," என்றாள் சூப்பர்வைசர், அவள் முதுகைப் பார்த்து. பிறகு இன்னும் சத்தமாக, "அக்கா!"

அக்கா பாட்டின் அடுத்த அடிக்குப் போயிருந்தாள். பெட்டியில் பச்சை விளக்குகள் ஓடிக்கொண்டிருந்தன.